இரண்டு ஆய்வகங்கள், இரண்டு எண்கள்: உணவில் பூச்சிக்கொல்லி எச்சம் அளக்கப்படும் விதம்

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 5 அன்று ஹாங்காங்கின் உணவுப் பாதுகாப்பு மையம், அங்குள்ள கடைகளில் எடுத்த இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றில் எத்திலீன் ஆக்சைடு என்ற பூச்சிக்கொல்லி இருப்பதாக அறிவித்து, அவற்றின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. மெட்ராஸ் கறிப் பொடியும் சாம்பார் மசாலாவும் அந்தப் பட்டியலில் இருந்தன. இரண்டு வாரங்களுக்குள் சிங்கப்பூரும் ஒரு மீன் குழம்பு மசாலாவைத் திரும்பப் பெறுமாறு உத்தரவிட்டது. அதன்பின் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே நிறுவனங்களின் உற்பத்திக் கூடங்களில் மாதிரி எடுத்துச் சோதிக்கவைத்தது. அந்த மாதிரிகளில் எத்திலீன் ஆக்சைடு காணப்படவில்லை என்று மே மாதத்தில் செய்தி வந்தது. படித்தவர்களில் பெரும்பாலோர் ஒரே முடிவுக்குத்தான் வந்தார்கள்: இரண்டு தரப்பில் ஒன்று பொய் சொல்கிறது.

அப்படி இருக்கவேண்டிய கட்டாயமில்லை. இரண்டு ஆய்வகங்களும் நேர்மையாக, தத்தம் முறைப்படி பிழையின்றி வேலை செய்து, எதிரெதிரான விடைகளை எழுத முடியும். அந்த மாதத்தில் உண்மையில் எது நடந்தது என்று தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. பூச்சிக்கொல்லி எச்சப் பரிசோதனை எப்படி நடக்கிறது, அதன் அறிக்கையில் வரும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம், எந்த இடத்தில் நம்பக்கூடாது என்பதைப் புரிந்துகொண்டால், இப்படிப்பட்ட செய்தியைப் படிக்கும்போது என்ன கேட்கவேண்டும் என்பது தானாகவே தெரியவரும்.

முதலில் தேடப்படும் பொருளின் அளவை மனத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும். ஒரு பயிரில் ஒரு மருந்துக்கென்று தனி வரம்பு வகுக்கப்படாத நிலையில், ஐரோப்பிய ஒன்றியத்திலும் இந்தியாவிலும் பொதுவாகப் பொருந்தும் வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். சமையலறை உப்பின் ஒரு பொடிக்கல் ஏறத்தாழ 0.06 மில்லிகிராம் எடையிருக்கும். ஆறு கிலோ தக்காளியை அரைத்து, அதில் அந்த ஒரே ஒரு உப்புக்கல்லைக் கரைத்தால் கிடைப்பதே அந்த அளவு. அந்த விழுதில் தக்காளியின் நிறமிகள், சர்க்கரைகள், அமிலங்கள், மணமூட்டும் பொருட்கள் என ஆயிரக்கணக்கான சேர்மங்கள் கலந்திருக்க, உப்புக்கல் அளவுள்ள ஒரு பொருள் உண்டா என்று மட்டும் சொன்னால் போதாது, அது 0.009 மில்லிகிராமா 0.011 மில்லிகிராமா என்றும் சொல்லவேண்டும் என்று சட்டம் ஆய்வகத்திடம் எதிர்பார்க்கிறது. சரக்கு கப்பல் ஏறுமா, குப்பைக்குப் போகுமா என்பது அந்த வேறுபாட்டில் இருக்கிறது.

ஆய்வகத்துக்குள் நுழைவதற்கு முன்பே எண்ணின் தலையெழுத்தில் பாதி எழுதப்பட்டுவிடுகிறது. தக்காளி போன்ற நடுத்தர அளவுள்ள காய்களில் குறைந்தது 10 காய்கள், ஒரு கிலோவுக்குக் குறையாமல் எடுக்கவேண்டும் என்றும், முட்டைக்கோஸ் போன்ற பெரியவற்றில் 5 காய்கள், இரண்டு கிலோவுக்குக் குறையாமல் எடுக்கவேண்டும் என்றும் பன்னாட்டு உணவு நெறிமுறைக் குழுவான கோடெக்ஸின் 1999-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த ஒரு கிலோவை அரைத்து, அதிலிருந்து பரிசோதனைக்கு எடுப்பது 10 அல்லது 15 கிராம். ஒரு லாரியில் 10 டன் தக்காளி வந்தால், கருவிக்குப் போவது அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மருந்து எல்லாச் செடியிலும் ஒரே சீராகப் படிந்திருந்தால் இதில் குறையொன்றும் இல்லை. ஆனால் கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடப்பவர் திரும்பும் இடத்தில் செடிக்கு இருமுறை மருந்து விழும். இலைக்கு மறைவில் இருக்கும் காயில் விழவே விழாது. பிரிட்டனில் 1990-களில் கேரட்டுகளைக் கூட்டாக அரைக்காமல் தனித்தனியாகச் சோதித்தபோது, ஒரே கூடையின் சில கேரட்டுகளில் சராசரியைவிடப் பல மடங்கு எச்சம் இருந்தது தெரியவந்தது. கூட்டு மாதிரியின் எண் சராசரியை மட்டுமே சொல்கிறது என்பதால், ஒரே வேளையில் ஒருவர் உட்கொள்ளக்கூடிய அளவைக் கணக்கிடும்போது அந்த எண்ணை ஒரு மாறுபாட்டுக் காரணியால் பெருக்குவது இன்று வழக்கமாகிவிட்டது.

2015-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளில் மருந்து அளவுக்கு மீறி இருப்பதாகக் கேரளத் தரப்பு சொல்ல, தமிழகத் தரப்பு தன் பரிசோதனைகளைக் காட்டி அதை மறுத்தது பலருக்கு நினைவிருக்கும். வெவ்வேறு நாளில், வெவ்வேறு சந்தையில், வெவ்வேறு தோட்டத்துக் காய்களில் எடுத்த மாதிரிகள் ஒத்துப்போகவேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு அறிவியலில் இடமில்லை. மசாலாப் பொடி விவகாரத்திலும் முதல் சாத்தியம் இதுதான். எத்திலீன் ஆக்சைடு என்பது நுண்ணுயிர்களைக் கொல்வதற்காக மூடிய அறையில் சரக்கின்மேல் செலுத்தப்படும் வாயு. ஒரு தொகுதிக்குச் செலுத்தியிருப்பார்கள். அடுத்த தொகுதிக்குச் செலுத்தியிருக்க மாட்டார்கள். ஏற்றுமதியான பொடியில் இருந்தது, மே மாதம் கூடத்தில் எடுத்த பொடியில் இல்லாமல் போகலாம்.

மாதிரி ஆய்வகத்துக்கு வந்ததும் அரைக்கப்படுகிறது. எளிதாகத் தோன்றும் இந்த வேலையிலேயே பொருள் காணாமல் போகும். கேப்டான், குளோரோதலோனில் போன்ற பூஞ்சைக்கொல்லிகள் காயின் தோலில் இருக்கும்வரை நிலையாக இருக்கின்றன. காயை வெட்டியதும் வெளிவரும் சாறும் நொதிகளும் பட்டுச் சிதையத் தொடங்குகின்றன. எனவே உலர் பனிக்கட்டியோடு சேர்த்து, உறைந்த நிலையிலேயே தூளாக்குவதுதான் முறை. எத்திலீன் ஆக்சைடின் கொதிநிலை 10.7 டிகிரி செல்சியஸ். மிக்ஸியின் சூட்டில் அது வாயுவாகப் பறந்துவிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது பிரித்தெடுத்தல். 2003-ஆம் ஆண்டில் மைக்கேலாஞ்சலோ அனஸ்தாசியாடஸும் ஸ்டீவன் லெகோட்டேயும் தம் குழுவினரோடு வெளியிட்ட கெச்சர்ஸ் என்ற முறை, இன்று உலகின் பெரும்பாலான எச்ச ஆய்வகங்களில் நடக்கிறது. 10 கிராம் விழுதில் 10 மில்லிலிட்டர் அசிட்டோநைட்ரைல் கரைப்பானை ஊற்றி, 4 கிராம் மெக்னீசியம் சல்பேட்டும் 1 கிராம் உப்பும் போட்டுக் குலுக்கிச் சுழற்றினால், நீர் அடியிலும் கரைப்பான் மேலும் பிரியும். பெரும்பாலான பூச்சிக்கொல்லிகள் மேலே வந்துவிடும். அதற்கு முன் லிட்டர் கணக்கில் கரைப்பானைச் செலவழித்து ஒரு நாள் முழுவதும் செய்த வேலை அரை மணி நேரத்துக்குச் சுருங்கியது. மிளகாய்த் தூள், மல்லித் தூள் போன்ற உலர்ந்த பொருளாக இருந்தால் முதலில் தண்ணீர் ஊற்றி ஊறவைக்கவேண்டும். ஊறாத தூளின் உள்ளே இருக்கும் மருந்தைக் கரைப்பான் எட்டாது. எண் குறைவாக வரும்.

கறிவேப்பிலையைச் சோதிப்பவர்கள் ஒரு தர்மசங்கடத்தைச் சந்திக்கிறார்கள். இலையின் பச்சையம் கரைப்பானோடு வந்து கருவியைக் கெடுக்கிறது. அதை நீக்கக் கரித்தூள் வகை ஒன்றைச் சேர்த்தால், பச்சையத்தோடு சேர்த்துத் தட்டையான மூலக்கூறு அமைப்புள்ள தயாபெண்டசோல் போன்ற மருந்துகளையும் கரி பிடித்துக்கொள்கிறது. கரியைக் கூட்டினால் சில மருந்துகள் மறையும். குறைத்தால் கருவி குழம்பும். எல்லா மருந்துக்கும் எல்லா உணவுக்கும் பொருந்தும் ஒரே தூய்மையாக்கல் இல்லை. நூற்றுக்கணக்கான மருந்துகளை ஒரே ஓட்டத்தில் பார்க்கும் முறை எதுவானாலும், அது பல சமரசங்களின் கூட்டுத்தான்.

இதன்பின் வருவதுதான் மொத்த வேலையிலும் நுட்பமான பகுதி: கண்டது எது என்று அடையாளம் சொல்வது. கரைசலை நீண்ட மெல்லிய குழாய்க்குள் செலுத்தினால், ஒவ்வொரு சேர்மமும் தன் இயல்புக்கேற்ற நேரத்தில் மறுமுனையில் வெளிவரும். பழைய கருவிகள் அந்த முனையில், குளோரின் போன்ற அணுக்களைக் கண்டால் துடிக்கும் ஓர் உணரியை மட்டும் வைத்திருந்தன. 12-ஆம் நிமிடத்தில் ஒரு துடிப்பு வந்தால், 12-ஆம் நிமிடத்தில் வெளிவரும் மருந்தின் பெயரை எழுதுவார்கள். அதே நேரத்தில் வேறு சேர்மம் வந்தாலும் உணரி அதே மாதிரிதான் துடிக்கும். 2003 ஆகஸ்டில் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 12 குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக வெளியிட்டபோது எழுந்த வாதங்களில் இந்த அடையாளச் சிக்கலுக்கும் பங்குண்டு. அரசு மைசூரிலும் கொல்கத்தாவிலும் உள்ள தன் ஆய்வகங்களில் சோதிக்கச் சொன்னது; அந்த எண்கள் மையத்தின் எண்களோடு ஒத்துப்போகவில்லை. பிறகு சரத் பவார் தலைமையிலான நாடாளுமன்றக் கூட்டுக்குழு, குளிர்பானங்களில் எச்சம் இருந்தது என்ற மையத்தின் முடிவு சரியே என்று 2004 பிப்ரவரியில் அறிக்கை அளித்தது. இருக்கிறதா என்ற கேள்விக்கும் எவ்வளவு என்ற கேள்விக்கும் இடையில் உள்ள தூரத்தை இந்தியா பொதுவெளியில் பார்த்த முதல் தருணங்களில் அது ஒன்று.

இப்போது குழாயின் முனையில் நிறைநிறமாலைமானி இருக்கிறது. அது வெளிவரும் மூலக்கூறை எடைபோட்டு, பிறகு மோதவைத்து உடைத்து, உடைந்த துண்டுகளையும் எடைபோடுகிறது. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி என்றால் ஏறத்தாழ 350 அலகு எடையுள்ள அயனி வரவேண்டும். அது உடையும்போது 198, 97 என்ற எடைகளில் துண்டுகள் வரவேண்டும். அந்த இரண்டு துண்டுகளின் விகிதம், தூய குளோர்பைரிபாஸை ஓட்டும்போது வரும் விகிதத்திலிருந்து 30 விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது. வெளிவரும் நேரம் 0.1 நிமிடத்துக்கு மேல் மாறக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வழிகாட்டு நெறிகள் வைத்திருக்கும் நிபந்தனைகள் இவை. ஓர் ஆளை உயரம், கைரேகை, குரல் ஆகிய மூன்றையும் வைத்து அடையாளம் காண்பதைப் போன்ற ஏற்பாடு இது. இத்தனையும் பொருந்திய பின் ஆள் மாறுவது அரிது.

ஆயினும் மாறுகிற இடங்கள் உண்டு. மாங்கோசெப் நம் விவசாயிகள் நன்கறிந்த பூஞ்சைக்கொல்லி. அது கரைப்பான்களில் எளிதில் கரைவதில்லை என்பதால், அதை நேரடியாக அளப்பதற்குப் பதில், மாதிரியைச் சூடான அமிலத்தில் வேகவைத்து, மருந்து சிதையும்போது எழும் கார்பன் டைசல்பைடு வாயுவை அளப்பது நெடுங்கால வழக்கம். இங்கே இரண்டு சிக்கல்கள். மாங்கோசெப்பும், அதே குடும்பத்து மருந்துகளான திரம், ஜிரம் ஆகியவையும் அதே வாயுவைத் தருவதால் எது தெளிக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. அதைவிடப் பெரிது இரண்டாவது: முட்டைக்கோஸ், காலிபிளவர், வெங்காயம், பூண்டு, பப்பாளி ஆகியவற்றில் இயற்கையாக உள்ள கந்தகச் சேர்மங்களும் அதே சூட்டில் அதே வாயுவைத் தருகின்றன. ஆய்வாளர் கையில் போட்டிருக்கும் ரப்பர் கையுறையின் தயாரிப்பில் இதே குடும்பத்து வேதிப்பொருட்கள் பயன்படுவதால், கையுறை பட்டாலும் எண் ஏறலாம். கருவி பொய் சொல்லவில்லை. கார்பன் டைசல்பைடு உண்மையாகவே இருந்தது. ஆனால் மாங்கோசெப் புட்டியைத் தொட்டே பார்க்காத ஒருவரின் முட்டைக்கோஸ் ‘எச்சம் உள்ளது’ என்ற முத்திரையோடு திரும்பி வருவதற்கு அது போதும். மருந்து அடிக்காத முட்டைக்கோஸிலேயே இயற்கையாக எவ்வளவு வரும் என்பதை ஆய்வகம் தெரிந்துவைத்துக்கொண்டு எண்ணைப் படிக்கவேண்டும். எனக்கு இந்த இடத்தில் உண்பவர்மீது உள்ள அக்கறைக்குக் குறையாத அக்கறை விளைவித்தவர்மீதும் இருக்கிறது. தவறான எண் இருவரையும் ஏமாற்றுகிறது.

தேயிலையில் ஃபோல்பெட் என்ற மருந்துக்கும் இதே கதி. ஃபோல்பெட் சிதைந்தால் தாலிமைடு என்ற சேர்மம் உருவாகும் என்பதால் ஐரோப்பிய வரையறை இரண்டையும் கூட்டிக் கணக்கிடுகிறது. ஆனால் இலையைச் சூடாக்கி உலர்த்தும்போதும், கருவியின் சூடான நுழைவாயிலிலும், சுற்றுப்புறத்தில் சாதாரணமாகக் காணப்படும் வேறு சேர்மங்களிலிருந்தும் தாலிமைடு உருவாகும். தெளிக்காத மருந்து அறிக்கையில் தோன்றிவிடுகிறது.

எத்திலீன் ஆக்சைடில் அடையாளச் சிக்கல் இன்னும் கூர்மையானது. இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் என்ற அதே அணுக்கூட்டுத்தான் அசிட்டால்டிஹைடிலும் இருக்கிறது. பழம் கனியும்போதும் மாவு புளிக்கும்போதும் இயல்பாகத் தோன்றும் அசிட்டால்டிஹைடு ஏராளமான உணவுகளில் உண்டு. இரண்டின் மூலக்கூறு எடையும் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் ஒன்றே. குழாய்க்குள் இரண்டும் நேரத்தால் தெளிவாகப் பிரிந்தால் மட்டுமே வேறுபாடு தெரியும். அந்தப் பிரிவைச் சரியாக அமைக்காத ஆய்வகம் அசிட்டால்டிஹைடைப் பார்த்து எத்திலீன் ஆக்சைடு என்று எழுதிவிடக்கூடும்.

இதோடு முடியவில்லை. உணவில் செலுத்தப்பட்ட எத்திலீன் ஆக்சைடு வாயு வெகுநாள் தங்குவதில்லை. ஒரு பகுதி ஆவியாகிவிடுகிறது, ஒரு பகுதி உணவிலுள்ள குளோரைடோடு வினைபுரிந்து 2-குளோரோஎத்தனாலாக மாறி அங்கேயே தங்கிவிடுகிறது. எனவே சில மாதங்கள் கழித்துச் சோதிக்கும்போது கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். ஐரோப்பிய ஒன்றியம் இரண்டையும் கூட்டி, எத்திலீன் ஆக்சைடாக மாற்றிச் சொல்லவேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. மசாலாப் பொருட்களுக்கு அங்கே வரம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். அமெரிக்காவோ இரண்டுக்கும் தனித்தனி வரம்பு வைத்திருக்கிறது: எத்திலீன் ஆக்சைடுக்கு 7 மில்லிகிராம், குளோரோஎத்தனாலுக்கு 940 மில்லிகிராம். ஒரு மிளகாய்த் தூளில் எத்திலீன் ஆக்சைடு சிறிதும் எஞ்சாமல், குளோரோஎத்தனால் மட்டும் 2 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எத்திலீன் ஆக்சைடை மட்டும் தேடும் ஆய்வகம் ‘காணப்படவில்லை’ என்று எழுதும், அது உண்மை. ஐரோப்பிய வரையறையைப் பின்பற்றும் ஆய்வகம், மூலக்கூறு எடைகளின் விகிதமான 0.55-ஆல் பெருக்கி, 1.1 மில்லிகிராம் எத்திலீன் ஆக்சைடு என்று எழுதும், அதுவும் உண்மை. அதே தூள் அங்கே வரம்பைப்போல் 11 மடங்கு; அமெரிக்கத் துறைமுகத்தில் வரம்புக்கு மிகமிகக் கீழே.

2020 செப்டம்பரில் இந்தியாவிலிருந்து சென்ற எள்ளில் இந்தப் பொருள் இருப்பதாக பெல்ஜியம் எச்சரித்ததும், ஐரோப்பா முழுவதும் ரொட்டி, பிஸ்கட் வரை திரும்பப் பெறப்பட்டதும், அந்த ஆண்டு அக்டோபரிலேயே இந்திய எள் சரக்குகளில் பாதியைச் சோதிக்கவேண்டும் என்ற விதி வந்ததும் இந்த வரையறையின் அடிப்படையில்தான். ஆகவே ‘எத்திலீன் ஆக்சைடு உண்டா இல்லையா’ என்ற செய்தியில், குளோரோஎத்தனாலையும் சேர்த்துப் பார்த்தார்களா என்ற ஒரு தகவல் இல்லையென்றால், அந்தச் செய்தியை வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாது. வாயுவின் இடத்தைப் பிடித்துக்கொண்ட பொருளைத் தேடாமல் வாயுவை மட்டும் தேடுவது, சாம்பலைப் பார்க்காமல் நெருப்பை மட்டும் தேடுவதாகும்.

அடையாளம் உறுதியான பின் அளவு. இங்கே கருவியைக் குழப்புவது உணவேதான். நிறைநிறமாலைமானி மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் கொடுத்து எடைபோடுகிறது. மிளகாயின் நிறமியும் எண்ணெயும் ஒரே நேரத்தில் நுழைந்தால், இருக்கும் மின்னூட்டத்துக்கு அவையும் போட்டியிடுகின்றன. மருந்தின் பங்கு குறைந்து, 0.02 மில்லிகிராம் இருக்குமிடத்தில் 0.01 என்று காட்டலாம். ஆவிநிலையில் பிரிக்கும் கருவியில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: உணவின் பிற சேர்மங்கள் குழாயின் வாயிலில் உள்ள ஒட்டும் இடங்களை அடைத்துக்கொள்வதால் மருந்து முழுவதும் உள்ளே போய், தூய கரைசலில் வருவதைவிடப் பெரிய துடிப்பைத் தரும். மருந்தில்லாத அதே உணவில் தெரிந்த அளவு மருந்தைக் கலந்து, அதை அளவுகோலாக வைத்துக்கொள்வதுதான் தீர்வு. மருந்தே படாத மிளகாயை எங்கே வாங்குவது என்பது ஆய்வகங்களின் நித்தியக் கவலை.

தெரிந்த அளவைக் கலந்து, அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்ப்பது மீட்பு விகிதம். 70 முதல் 120 விழுக்காடு வரை கிடைத்தால் முறை ஏற்கத்தக்கது என்பது ஐரோப்பிய நெறி. இதில் வெளியே சொல்லப்படாத ஒரு பலவீனம் இருக்கிறது. ஆய்வாளர் விழுதின் மேல் சொட்டும் மருந்து மேலோட்டமாகவே இருக்கும். உடனே கரைப்பானுக்கு வந்துவிடும். வயலில் இரண்டு வாரங்களாகச் செடி உறிஞ்சி, திசுக்களுக்குள் போன மருந்து அவ்வளவு எளிதில் வராது. மீட்பு விகிதம் 95 விழுக்காடு என்று பெருமையாகச் சொல்லும் முறை, வயல் மாதிரியில் அதைவிடக் குறைவாகவே எடுக்கலாம்.

இத்தனை படிகளிலும் சேரும் சிறு பிழைகள் எல்லாம் கூடி எவ்வளவாகும்? அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய வில்லியம் ஹார்விட்ஸ், ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்கள் சோதித்த ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து, 1980-ல் வியக்கத்தக்க ஓர் ஒழுங்கைக் காட்டினார். எந்தப் பொருளை, எந்தக் கருவியால் அளந்தாலும், பொருளின் அளவு நூறு மடங்கு குறையும்போது ஆய்வகங்களுக்கிடையிலான சிதறல் இரண்டு மடங்காகிறது. உணவில் பத்து விழுக்காடு இருக்கும் பொருளை அளந்தால் சிதறல் 3 விழுக்காட்டுக்குள் அடங்கும். கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்றால் 16 விழுக்காடு. 0.01 மில்லிகிராம் என்றால் 32 விழுக்காடு. வரைபடத்தில் இது எக்காளம்போல் விரிவதால் ஹார்விட்ஸ் எக்காளம் என்றே பெயர் பெற்றது. மிகக் குறைந்த அளவுகளில் இன்றைய ஆய்வகங்கள் இந்த விதி சொல்வதைவிட நன்றாகவே செய்கின்றன என்று பிற்கால ஆய்வு காட்டியது. பூச்சிக்கொல்லி எச்சத்தில் அந்தச் சிதறலை 25 விழுக்காடு என்று ஐரோப்பிய ஆய்வகங்கள் எடுத்துக்கொள்கின்றன. அதை இரட்டித்து, எந்த எண்ணுக்கும் இருபுறமும் 50 விழுக்காடு ஐயம் உண்டு என்று வைத்துக்கொள்வது அங்குள்ள நடைமுறை.

இதன் விளைவு நேரடியானது. வரம்பு 0.01 எனில், சட்ட நடவடிக்கை எடுக்கும் அதிகாரி 0.018 என்ற எண்ணைப் பார்த்தால் அதில் பாதியைக் கழிக்கிறார், 0.009 வருகிறது, சரக்கு வரம்பை மீறியதாக உறுதியாகச் சொல்ல முடியாது என்று விட்டுவிடுகிறார். 0.025 வந்தால் கழித்தபின்னும் 0.0125, மீறல் உறுதி. ஐயத்தின் பலன் சரக்குக்காரருக்குத் தரப்படுகிறது. ஏற்றுமதி செய்பவர் இதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு, தன் ஊர் ஆய்வகம் 0.008 என்று சொன்னதும் சரக்கைக் கப்பலேற்றினால் தவறு செய்கிறார். அந்த 0.008-இன் பின்னால் 0.012 ஒளிந்திருக்கலாம். அதோடு வாங்கும் பல்பொருள் அங்காடி அதிகாரியைப்போல் கழித்துப் பார்க்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

ஓர் ஆய்வகம் நம்பத்தக்கதா என்பதை வெளியிலிருந்து அறிய இருக்கும் சிறந்த கருவி தகுதிச் சோதனை. ஓர் அமைப்பு, உள்ளே என்னென்ன மருந்து எவ்வளவு இருக்கிறது என்று வெளியே சொல்லாமல், ஒரே விழுதைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்புகிறது; 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இதை நடத்திவருகிறது. ஏற்கப்பட்ட அளவிலிருந்து எத்தனை சிதறல் அலகு விலகியிருக்கிறது என்பதே மதிப்பெண். இரண்டுக்குள் இருந்தால் தேர்ச்சி. ஏற்கப்பட்ட அளவு 0.10 எனில், 0.05 என்று எழுதிய ஆய்வகமும் 0.15 என்று எழுதிய ஆய்வகமும் தேர்ச்சி பெறும். ஒன்றுக்கு மற்றொன்று மூன்று மடங்கு! இது ஆய்வகங்களின் சோம்பல் இல்லை. இந்த அளவில் அளப்பது என்பதன் இயல்பு. இல்லாத மருந்தை இருப்பதாக எழுதுவதும், இருப்பதைத் தவறவிடுவதும்தான் இந்தச் சோதனையில் கடுமையான குற்றங்கள், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஒரு குறையை மட்டும் மறைக்கக்கூடாது: தகுதிச் சோதனை மாதிரி என்று தெரிந்தே வருவதை, அனுபவமுள்ள ஆய்வாளர் கூடுதல் கவனத்தோடு செய்வார். வரிசையில் வரும் எண்பதாவது மிளகாய் மாதிரிக்கு அதே கவனம் கிடைக்கிறதா என்பதை எந்த மதிப்பெண்ணும் காட்டாது.

அங்கீகாரச் சான்றிதழுக்கும் இதே மாதிரியான எல்லை உண்டு. ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 என்ற பன்னாட்டுத் தரநிலைப்படி, இந்தியாவில் ஆய்வக அங்கீகார வாரியமான என்ஏபிஎல் அளிக்கும் அங்கீகாரம் ஆய்வகம் முழுவதற்கும் கொடுக்கப்படுவதில்லை. எந்த உணவில், எந்த மருந்தை, எந்த முறையில் என்ற பட்டியலுக்குக் கொடுக்கப்படுகிறது. திராட்சையில் குளோர்பைரிபாஸுக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகம், மசாலாவில் குளோரோஎத்தனாலுக்கு அதைப் பெற்றிருக்கும் என்று எண்ணிக்கொள்ள முடியாது.

பட்டியல் என்ற இந்தச் சொல்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. 2010-ஆம் ஆண்டில் இந்தியத் திராட்சைச் சரக்குகள் ஐரோப்பாவில் நிராகரிக்கப்பட்டன. ஒவ்வொரு சரக்கும் ஏற்றுமதிக்கு முன் இங்கே சோதிக்கப்பட்டு, சான்றிதழோடுதான் சென்றது. சிக்கிய பொருள் குளோர்மெக்குவாட் குளோரைடு. கொடி அளவுக்கு மீறிப் படராமல் இருக்கத் தெளிக்கும் வளர்ச்சி ஒழுங்குபடுத்தி. அன்றைய ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். இங்குள்ள சோதனைப் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. அதன் மூலக்கூறு நிரந்தரமாக மின்னூட்டம் பெற்றது. தண்ணீரை விட்டு அசிட்டோநைட்ரைலுக்கு வராது, ஆவியாகாது. நூற்றுக்கணக்கான மருந்துகளைப் பிடித்த அதே முறை, இதைக் குழாயின் அடியிலிருந்த தண்ணீரோடு ஊற்றிவிட்டது. சான்றிதழில் எழுதிய ஒவ்வொரு எண்ணும் சரியாக இருந்திருக்கலாம். நாசிக் பகுதி விவசாயிகள் இழந்த பணமும் உண்மை. அதன்பின் அந்தப் பொருள் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

கிளைபோசேட்டும் இதே வகையைச் சேர்ந்தது. உலகில் மிக அதிகமாகப் பயன்படும் களைக்கொல்லிகளில் ஒன்றான அது, அசிட்டோநைட்ரைலுக்கு வராமல் நீரிலேயே தங்கிவிடுவதால், அமிலம் கலந்த மெத்தனாலைக் கொண்டு தனியாக எடுத்துத் தனியாக ஓட்டவேண்டும். அதற்குத் தனிக் கட்டணம். எனவே பருப்புக்கோ தேயிலைக்கோ ‘500 பூச்சிக்கொல்லிகள் சோதிக்கப்பட்டன, எதுவும் காணப்படவில்லை’ என்ற அறிக்கை கையில் கிடைத்தால், முதலில் பார்க்கவேண்டியது கடைசிப் பக்கத்தில் சிறு எழுத்தில் இருக்கும் அந்த 500 பெயர்களின் பட்டியலை. அதில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, எந்த அளவுக்குக் கீழே போனால் ‘காணப்படவில்லை’ என்று எழுதுகிறார்கள் என்ற எண் இருக்கும். அது 0.01-ஆ 0.1-ஆ என்று பார்க்கவேண்டும். பிறகு கிளைபோசேட் என்ற பெயரைத் தேடவேண்டும். பெரும்பாலான பொதுப் பட்டியல்களில் அந்த வரி இருக்காது.